டிரிப்புக்கு 19 நாள், பாஸ்போர்ட்ல 4 மாசம்: நார்மலா, தட்கலா, ஏஜென்டா?

சிங்கப்பூர்ல இருக்கற எங்க அக்கா போன் பண்ணி, பொண்ணுக்கு வளைகாப்பு வெச்சிருக்கோம் தம்பி, தாய்மாமன் நீ இல்லாம எப்டின்னு கேட்டாங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்றது, அன்னிக்கு ராத்திரியே திருச்சியிலேர்ந்து டிக்கெட் போட்டாச்சு. மறுநாள் விசாவுக்காக டிராவல்ஸ்காரருக்கு பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புறேன், அஞ்சு நிமிஷத்துல திரும்ப மெசேஜ் வருது: "சார், எக்ஸ்பயரி டேட் பாத்தீங்களா?" பாத்தேன். நாலு மாசம்தான் பாக்கி, சிங்கப்பூருக்கு ஆறு மாசம் இருக்கணும். கிளம்ப 19 நாள்.

இந்த நிலைமையில மாட்டுறவங்க நிறைய பேர், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எனக்கும் சொன்னாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் கூடுதல் காசு கட்டி வேகமா வாங்கற தட்கல் போடுங்கன்னார், மச்சான் ஒருத்தன் எனக்கு தெரிஞ்ச ஏஜென்ட் இருக்கார்னான், வீட்டம்மா நார்மல்லயே எனக்கு அஞ்சு நாள்ல வந்துச்சே எதுக்கு வீணா ரெண்டாயிரம்னாங்க. மூணு பேர் சொன்னதையும் உக்காந்து பாத்தேன், அதைத்தான் இங்க எழுதுறேன். இது இந்தியாவுல இருந்துக்கிட்டு, ஏற்கனவே பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும். தொலைஞ்சு போனது, கிழிஞ்சு போனது எல்லாம் வேற கதை.

மொதல்ல ஒண்ணுமே பண்ணாம அப்டியே போயிடலாமான்னு பாத்துடுவோம், ஏன்னா எல்லாருக்கும் அந்த ஆசை இருக்கும். நாலு மாசம் இருக்கே, நான் போறது பத்து நாள்தானேன்னு நானும் வாதாடுனேன். சிங்கப்பூர், மலேசியா, துபாய், இந்தோனேசியா, இலங்கை எல்லாம் பாஸ்போர்ட்ல இன்னும் ஆறு மாசம் செல்லுபடி கேக்கறவங்க. யூரோப் ஷெங்கன் நாடுகளுக்கு அங்கேர்ந்து கிளம்புற தேதிக்கு அப்புறம் மூணு மாசம் இருக்கணும், பாஸ்போர்ட் எடுத்து பத்து வருஷம் தாண்டியிருக்கவும் கூடாது. பிரிட்டன், ஜப்பான் மாதிரி சில ஊருக்கு தங்கற நாள் வரைக்கும் பாஸ்போர்ட் உயிரோட இருந்தா போதும். ஸோ உங்க ஊர் எந்த வகைன்னு பாத்துட்டு, தாங்கும்னா பேசாம போயிட்டு வந்து நிதானமா மாத்திக்கலாம், அதுதான் இருக்கறதுலயே செலவில்லாத வழி. தாங்காதுன்னா அங்க இமிகிரேஷன்ல பேசிக்கலாம்னு நினைக்கவே வேண்டாம், அது வரைக்கும் போகவே விட மாட்டாங்க, இங்க செக்-இன் கவுன்டர்லயே நிறுத்திடுவாங்க, ஏன்னா அங்கேர்ந்து திருப்பி அனுப்பினா அந்த தண்டம் ஏர்லைன் தலையில விழும்.

அடுத்தது கணக்கு. எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான். கிளம்ப 19 நாள் இருக்குன்னா பாஸ்போர்ட்டுக்கு 19 நாள் இருக்குன்னு அர்த்தம் இல்ல. சிங்கப்பூர் விசா பாஸ்போர்ட் நம்பரோட ஒட்டிக்கிட்டு வர்ற சமாச்சாரம், புது பாஸ்போர்ட் வந்தா நம்பர் மாறும், ஸோ புதுசு கைக்கு வந்தப்புறம்தான் விசாவே போட முடியும். சிங்கப்பூர்காரங்க சாதாரணமா மூணு வேலை நாள்ல விசாவை முடிச்சிடுவாங்க, ஆனா டிராவல்ஸ்காரர் பேப்பர் வாங்கறது, நடுவுல ஒரு சனி ஞாயிறு, எல்லாம் சேத்தா ஒரு வாரத்தை தனியா எடுத்து வெச்சிடணும். 19ல 7 போச்சு. ஸ்பீட் போஸ்ட் வர ரெண்டு நாள் போச்சு. மிச்சம் பத்து நாள், அதுக்குள்ள பாஸ்போர்ட் ஆபீஸ்லேர்ந்து டிஸ்பாட்ச் ஆகியிருக்கணும். அந்த பத்தை பேப்பர்ல எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டுனதுக்கு அப்புறம்தான் எனக்கு முடிவெடுக்கவே வந்துச்சு. விசா தேவையில்லாத ஊருக்கு போறீங்கன்னா அந்த ஒரு வாரம் உங்களுக்கு மிச்சம். அமெரிக்கா விசா பழைய பாஸ்போர்ட்ல செல்லுபடியா இருந்தா பிரச்சனை இல்ல, பழசு புதுசு ரெண்டையும் கையில எடுத்துட்டு போகலாம்.

இப்ப நார்மல். 36 பக்கம் 1500 ரூபா, 60 பக்கம் 2000. (வருஷத்துக்கு நாலஞ்சு தடவை பறக்கறவங்களுக்கு அந்த 500 நல்ல செலவு, எனக்கெல்லாம் பத்து வருஷத்துல பாதி புக்கு வெள்ளையாத்தான் இருந்துச்சு.) நார்மல்னா ரொம்ப நாள் ஆகும்னு ஒரு பேச்சு இருக்கு, பாதிதான் உண்மை. எந்த விவரமும் மாறாம சும்மா காலாவதி ஆகுதுன்னு மட்டும் ரீஇஷ்யூ (பழசுக்கு பதிலா புதுசு) போடறவங்களுக்கு பல சமயம் போலீஸ் வெரிஃபிகேஷனே கேக்க மாட்டாங்க, இல்ல பாஸ்போர்ட் குடுத்துட்டு அப்புறமா பண்ணுவாங்க, அப்டி ஆச்சுன்னா நார்மலும் வேகமாவே வந்துடும். எங்க வீட்டம்மாவுக்கு அஞ்சு நாள்ல வந்தது பொய்யில்ல. ஆனா அவங்க சொல்லாம விட்டது, அப்பாயின்ட்மென்ட் கிடைக்க அதுக்கு முன்னாடி எத்தனை நாள் காத்திருந்தோம்ங்கறது. நான் பாத்தப்ப எங்க பக்கத்துல நார்மல் ஸ்லாட் மொதல்ல கிடைக்கறதே 13வது நாள். பத்து நாள் கணக்குல 13 எப்டி அடங்கும். இன்னொண்ணு, போலீஸ் ரிப்போர்ட் வந்தப்புறம்தான் குடுக்கணும்னு உள்ள இருக்கற ஆபீசர் முடிவு பண்ணிட்டா நார்மல்ல நாம ஒண்ணும் சொல்ல முடியாது, அது வர்றப்ப வரும்.

தட்கல் இதுக்கு மேல 2000 ரூபா, ஆக 3500, 60 பக்கம்னா 4000. ஆன்லைன்ல புக் பண்றப்ப 1500 தான் கட்டுவோம், மிச்ச ரெண்டாயிரத்தை சேவா கேந்திரால, அதாவது நாம நேர்ல போற பாஸ்போர்ட் மையத்துல, கட்டுறது. இந்த ரெண்டாயிரத்துக்கு என்ன கிடைக்குதுன்னு பாத்தா, பாஸ்போர்ட்டை வேகமா பிரிண்ட் பண்ணி தர்றாங்கன்னு பல பேர் நினைக்கறாங்க, நானும் அப்டித்தான் நினைச்சேன். நிஜத்துல நாம வாங்கறது ரெண்டு விஷயம்: தனி கியூல ஒரு ஸ்லாட், அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்டுக்காக ஃபைல் காத்துக்கிடக்காதுங்கற நிம்மதி. வெரிஃபிகேஷன் தேவையில்லாத கேஸ்னா குடுத்த நாளை விட்டுட்டு ஒரு வேலை நாள்ல டிஸ்பாட்ச், வெரிஃபிகேஷன் அப்புறமா பண்ணிக்கலாம்னா மூணாவது வேலை நாள். வேலை நாள்ங்கறதை அடிக்கோடு போட்டு படிங்க. வியாழக்கிழமை போய் குடுத்தீங்கன்னா வெள்ளி ஒண்ணு, திங்கள் ரெண்டு, செவ்வாய் மூணு, அப்புறம் தபால்ல ஒரு நாள் ரெண்டு நாள், ஆக அடுத்த வியாழக்கிழமைக்குள்ள கைக்கு வரும்னு வெச்சுக்கலாம். நடுவுல பொங்கலோ தீபாவளியோ வந்தா அதையும் கூட்டிக்கணும். முடிஞ்சா திங்கள் செவ்வாய்ல ஸ்லாட் பிடிங்க.

அதனால என் பார்வையில நார்மலா தட்கலாங்கற கேள்விக்கு பதில் உங்க அவசரத்துல இல்ல, அன்னிக்கு ஸ்கிரீன்ல தெரியற ரெண்டு தேதியில இருக்கு. லாகின் பண்ணாமயே பாஸ்போர்ட் சேவா சைட்ல அப்பாயின்ட்மென்ட் எப்ப கிடைக்குதுன்னு பாக்கற வசதி இருக்கு. ரெண்டையும் பாருங்க. நார்மல் ஸ்லாட் நாளன்னிக்கே கிடைக்குது, கையில ஒரு மாசம் இருக்கு, விவரம் எதுவும் மாறலைன்னா ரெண்டாயிரத்தை மிச்சம் பண்ணுங்க. ரெண்டுக்கும் இடையில ஒரு வாரத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா, இல்ல கையில மூணு வாரத்துக்கு கீழ இருந்தா, யோசிக்காம தட்கல். ஃப்ளைட் டிக்கெட் கேன்சல் பண்ணா போற காசுக்கு முன்னாடி ரெண்டாயிரம் எல்லாம் ஒரு காசா.

தட்கல்ல எங்க ஊருக்கு பக்கத்துல ஆறு நாளைக்கு ஸ்லாட் இல்ல. பக்கத்து போஸ்ட் ஆபீஸ் சேவா கேந்திரால பாத்தா நார்மல் மட்டும்தான் காட்டுச்சு. அப்பதான் இன்னொரு வழி ஞாபகம் வந்துச்சு, வேற ஊர். 2018லேர்ந்து இந்தியாவுல எந்த பாஸ்போர்ட் ஆபீஸ்ல வேணா விண்ணப்பிக்கலாம், நாம இருக்கற அட்ரஸ் அதோட எல்லைக்குள்ள இருக்கணும்னு அவசியம் இல்ல, போலீஸ் வெரிஃபிகேஷன் நம்ம வீட்டு ஸ்டேஷனுக்குத்தான் வரும், பாஸ்போர்ட்டும் நம்ம வீட்டுக்குத்தான் வரும். தமிழ்நாட்டுல சென்னை, திருச்சி, மதுரை, கோவைன்னு நாலு ரீஜனல் ஆபீஸ், ஒவ்வொண்ணுக்கு கீழயும் சேவா கேந்திரா இருக்கு, சென்னைக்கு மட்டும் சாலிகிராமம், அமிஞ்சிக்கரை, தாம்பரம்னு மூணு. எனக்கு மதுரையில மூணாவது நாளுக்கு தட்கல் கிடைச்சுது. பஸ் டிக்கெட், ஒரு நாள் லீவு, மத்தியானம் ஒரு சாப்பாடு, அவ்ளோதான் எக்ஸ்ட்ரா செலவு. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு: ஃபார்ம் ஆரம்பிக்கறப்பவே எந்த ரீஜனல் ஆபீஸ்னு கேக்கும், அதை குடுத்து ஃபார்ம் போட்டு பணமும் கட்டிட்டு அப்புறம் ஐயோ வேற ஊர்னு முழிக்கக்கூடாது. மொதல்ல எங்க ஸ்லாட் இருக்குன்னு பாருங்க, அப்புறம் ஆபீஸை செலக்ட் பண்ணுங்க, அப்புறம் ஃபார்ம், அப்புறம் பணம். இந்த வரிசை தலைகீழா போனவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர் இருக்காங்க.

ஏஜென்ட் விஷயத்துக்கு வர்றேன். மச்சான் சொன்னவர் ஏழாயிரம் கேட்டார், எல்லாம் உள்ள ஆள் இருக்கு சார்னார். சரி அந்த ஏழாயிரத்துல என்னென்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், ஃபார்ம் ஃபில் பண்ணி ஸ்லாட் போட்டுத் தருவோம்னார். அப்ப போட்டோ, கைரேகை? அதுக்கு நீங்கதான் சார் போகணும். போலீஸ்? அதுவும் நீங்கதான். ஆக 3500 போக மிச்ச 3500 அரை மணி நேரம் டைப் அடிக்கறதுக்கு. காசு கூட போகட்டும், எனக்கு பெரிய பயம் வேற, அவங்க தங்களோட லாகின்லேர்ந்து போட்டுடுவாங்க, ஸ்லாட் மாத்தணும்னாலோ ஸ்டேட்டஸ் பாக்கணும்னாலோ அவங்களுக்கு போன் அடிச்சுக்கிட்டே இருக்கணும், அவசரத்துல அந்த லாகின் நம்ம கையில இருக்கறதுதான் பாதி பலம். டைப் அடிக்க வராதுன்னா இ-சேவை மையத்துலயோ, வீட்டுல காலேஜ் படிக்கற பிள்ளைய விட்டோ போட்டுக்கலாம், நம்ம போன் நம்பர் நம்ம மெயில் குடுத்து. பாஸ்போர்ட் பேர்ல போலி வெப்சைட் நிறைய இருக்குன்னு வெளியுறவுத் துறையே எச்சரிச்சிருக்கு, அட்ரஸ் கடைசியில கவ் டாட் இன் இல்லாத எதுலயும் காசு கட்டாதீங்க.

இப்ப இந்த ஒப்பீட்டை விட முக்கியம்னு நான் நினைக்கறது, எந்த வழியில போனாலும் அவசரத்துல எதையும் மாத்தாதீங்க. ரீஇஷ்யூ போடறப்ப கையோட பேரையும் சரி பண்ணிடலாம், கையெழுத்தையும் மாத்திடலாம்னு தோணும். நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது கூடுதல் தலைவலி, ஏன்னா இனிஷியல். பாஸ்போர்ட்ல இனிஷியல் கிடையாது, விரிச்சுத்தான் எழுதணும், எனக்கு அப்பா பேர் சர்நேம் கட்டத்துல இருக்கு, ஆதார்ல முன்னாடி எஸ், பான்ல முழுசா, லைசென்ஸ்ல பேருக்கு பின்னாடி எஸ். பத்து வருஷம் முன்னாடி ஒரு மாதிரி எடுத்தது, இப்ப ஆதார் மாதிரி மாத்திக்கலாமான்னு ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு. நல்ல வேளை மாத்தலை. பேர்ல பெரிய மாற்றம் பண்றவங்க தட்கல்லயே போக முடியாது. பழைய பாஸ்போர்ட்ல எழுத்துக்கு எழுத்து எப்டி இருக்கோ அப்டியே போட்டு, காரணம்ங்கற இடத்துல காலாவதி ஆகப்போகுதுங்கறதை மட்டும் டிக் பண்ணேன். கல்யாணம் ஆனவங்க மனைவி பேர் சேக்கறது எல்லாம் ஊருக்கு போயிட்டு வந்து.

வீடு மாறுனது மட்டும் விதிவிலக்கு. அட்ரஸ் மாறியிருந்தா இப்ப இருக்கற அட்ரஸ்தான் போடணும், அதுக்கு ஆதார் மாதிரி ஏதாவது ஒரு அட்ரஸ் ப்ரூஃப்ல அந்த அட்ரஸ் இருக்கணும். பழைய அட்ரஸையே போடுங்க வெரிஃபிகேஷன் வராதுன்னு ஐடியா குடுக்கறவங்க இருக்காங்க, கேக்காதீங்க. தப்பு விவரம் குடுக்கறது பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம், அது தவிர ஸ்பீட் போஸ்ட் அந்த அட்ரஸுக்குத்தான் போகும், நீங்க காலி பண்ண வீட்டு வாசல்ல போஸ்ட்மேன் நின்னுக்கிட்டு இருப்பார்.

மதுரையில அன்னிக்கு 9:45 ஸ்லாட், அரை மணி முன்னாடியே போய் நின்னேன். ஏ கவுன்டர்ல ஒரு பொண்ணு போட்டோ எடுத்து, பத்து விரலையும் வெச்சு ரேகை எடுத்து, நம்ம பக்கம் திரும்பியிருக்கற ஒரு ஸ்கிரீன்ல விவரத்தை காட்டி சரி பாருங்க சார்ன்னுச்சு. எல்லாரும் ம்ம் ம்ம்னு தலையாட்டுற இடம் அது. நான் கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா படிச்சேன், அம்மா பேர்ல ஒரு எழுத்து எக்ஸ்ட்ரா இருந்துச்சு, நான் அடிச்ச தப்புதான், அங்கயே மாத்திடுச்சு. அதை விட்டிருந்தா திரும்ப ஒரு ரீஇஷ்யூ. அப்புறம் பி கவுன்டர், ஒரிஜினல் ஒவ்வொண்ணா கேட்டாங்க, ஆதார், பான், வோட்டர் ஐடி, லைசென்ஸ் நாலையும் கொண்டு போயிருந்தேன், தட்கலுக்கு ஒண்ணு ரெண்டு கூடுதலா கையில இருக்கறது நல்லது, எனக்கு முன்னாடி நின்னவர் ஆதார் ஜெராக்ஸ் மட்டும் வெச்சிருந்தார், ஒரிஜினல் வீட்டுல, திரும்பி போனார் பாவம். சி கவுன்டர்ல ஒரு மேடம் பழைய பாஸ்போர்ட்டை புரட்டி, எங்க போறீங்கன்னு கேட்டு, சரின்னு சொல்லிட்டு பழசுல கேன்சல்டுன்னு ஸ்டாம்ப் அடிச்சு, ஓரத்தை வெட்டி கையில குடுத்தாங்க.

அந்த வெட்டுன ஓரம் வரைக்கும் எனக்கு உறைக்காத ஒரு விஷயம் இருக்கு. அந்த நிமிஷத்துலேர்ந்து உங்களுக்கு பாஸ்போர்ட் இல்ல. பழசு செத்துப் போச்சு, புதுசு பிறக்கலை. நாலு நாள்ல ஃப்ளைட்டை வெச்சுக்கிட்டு, போற ஊருக்கு பழசே போதும்ங்கற நிலையில, எதுக்கும் இருக்கட்டும்னு தட்கல் போடறவங்க இதை யோசிச்சுட்டு போங்க. பழசுல போக முடியற ஊருன்னா ஒரு வாரத்துக்கு கம்மியா இருக்கறப்ப நான் தொடவே மாட்டேன். பழசுல போகவே முடியாதுன்னா இழக்க ஒண்ணும் இல்ல, தட்கல் போட்டுட்டு, அதே நேரத்துல ஏர்லைன்ல தேதி மாத்த எவ்ளோன்னும் விசாரிச்சு வெச்சுக்கோங்க.

தேதிய தள்ளிப்போடறதும் ஒரு வழிதான், அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. சும்மா சுத்திப் பாக்க போறதா இருந்தா, தேதி மாத்துற காசும் தட்கல் காசும் ஒண்ணா இருந்தா, ரெண்டு வாரம் தள்ளிட்டு நார்மல்ல நிம்மதியா எடுக்கறது நல்ல முடிவு. எனக்குத்தான் அது இல்ல, வளைகாப்பு எனக்காக காத்திருக்கும், அக்கா காத்திருக்க மாட்டாங்க.

எனக்கு குடுத்த நாளுக்கு அடுத்த நாளே டிஸ்பாட்ச்னு எஸ்எம்எஸ் வந்துச்சு, ரெண்டு நாள்ல போஸ்ட்மேன் வந்தார், என்கிட்ட மட்டும்தான் குடுப்பேன்னு ஆதாரை காட்டச் சொன்னார், வீட்டம்மா கையெழுத்து போடறேன்னதுக்கு முடியாதும்மான்னுட்டார். ஸோ டிராக்கிங் நம்பரை பாத்து அன்னிக்கு வீட்டுல இருங்க. புது புக்குல அட்டையில கீழ தங்கக் கலர்ல சின்னதா ஒரு சிப் படம், இப்ப இ-பாஸ்போர்ட்தான், சென்னையில 2025 மார்ச்சுல ஆரம்பிச்சது. விசா போட்டு, கிளம்ப ரெடியாகி, எல்லாம் முடிஞ்சும் நாலு நாள் மிச்சமே இருந்துச்சு. உங்க கேஸ்ல வெரிஃபிகேஷன் அப்புறமா வரும்னு போட்டிருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி, முடிஞ்சா முடிச்சிட்டே கிளம்புங்க, அவர் வர்றப்ப நீங்க ஊர்ல இல்லன்னா ரிப்போர்ட் எடக்கா போயிடலாம்.

குழந்தைங்களோட போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பெரியவங்களுக்கு பத்து வருஷம், சின்னப் பிள்ளைங்களுக்கு அஞ்சு வருஷம்தான், அதனால நம்மளது நல்லா இருக்கும், அவங்களது முடிஞ்சிருக்கும். ஃபீஸ் 1000, தட்கல்னா 3000, அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட அனெக்ஸர் டிங்கற உறுதிமொழிப் படிவம் வேணும். இதை எழுதிட்டு இருக்கறப்பவே எழுந்து போய் பையனோட பாஸ்போர்ட்டை பாத்தேன், அடுத்த பிப்ரவரி. நார்மல்ல, எங்க ஊர் பக்கத்துலயே, திங்கக்கிழமை காலையில ஸ்லாட் கிடைச்சிருக்கு.